ஜக்கில் ஹைட்ரஜன், தொட்டியில் என்ன?

நம் தெருக்களுக்கு ஹைட்ரஜன் வந்துவிட்டது. ரோடு வர இருபது வருடம் ஆன தெரு, தெருவிளக்குக்காக மூன்று முறை மனுக் கொடுத்த தெரு, சுடுகாட்டுக்கு இன்னும் பாதை கிடைக்காத தெரு. அங்கே ஹைட்ரஜன் மட்டும் வீடு தேடி வந்து தவணைக்கு இறங்குகிறது.

'ஹைட்ரஜன் வாட்டர் ஜக்' என்று பெயர். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கண்ணாடிக் குடுவை, அடியில் ஒரு பீடம். பொத்தானை அமுக்கினால் நீல விளக்கு எரியும், கீழிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். பத்து நிமிடத்தில் தண்ணீர் தயார். சர்க்கரை இறங்கும், மூட்டுவலி போகும், சிறுநீரகம் தேறும், தோல் மினுக்கும் என்கிறார் விற்க வந்தவர். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே விழுங்கும் விலையிலும் ஜக்குகள் இருக்கின்றன.

யாரோ எதையோ விற்கிறார்கள், யாரோ வாங்குகிறார்கள், இதில் நமக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். விற்கப்படுவது மிக்சி என்றால் நாமும் பேசாமல் இருந்திருப்போம். விற்கப்படுவது தண்ணீர். அதுவும் 'உங்கள் தண்ணீர் அழுக்கு' என்று சொல்லி விற்கப்படும் தண்ணீர். அந்த வாக்கியத்தை நாம் வேறு வாய்களிலிருந்து நிறையக் கேட்டிருக்கிறோம்.

முதலில் ஜக் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். பள்ளிக்கூட அறிவியல்தான். ஜக்கின் அடியில் பிளாட்டினம் பூசிய டைட்டானியத் தகடுகள் இரண்டு, நடுவே ஒரு மெல்லிய சவ்வு. ஒரு பக்கம் உண்டாகும் ஹைட்ரஜன் குடிக்கிற நீரில் கரைகிறது. மறுபக்கம் உண்டாகும் ஆக்சிஜனும், தண்ணீரில் உப்பு இருந்தால் அதிலிருந்து வரும் குளோரினும் தனியாக வெளியேற வேண்டும். சவ்வு இல்லாத மலிவுச் சரக்கில் அந்தக் குளோரினும் நம் டம்ளருக்கே வந்து சேரும். வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு விற்பவர் இதைச் சொல்கிறார்?

நல்ல ஜக் என்றே வைத்துக்கொள்வோம். சாதாரண அழுத்தத்தில், அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையக்கூடிய ஹைட்ரஜன் சுமார் 1.6 மில்லிகிராம். அதற்கு மேல் கரையாது. ஊற்றி வைத்தால் அதுவும் பறந்துபோகும். உலகத்திலேயே இலேசான வாயு, டம்ளரில் நமக்காக உட்கார்ந்திருக்குமா?

மருத்துவப் பலன் என்று பேசும்போது எல்லாரும் ஜப்பானைக் காட்டுகிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. மூளைக்கு இரத்த ஓட்டம் தடைபட்ட எலிகளை ஹைட்ரஜன் வாயுவைச் சுவாசிக்க வைத்தபோது பாதிப்பு குறைந்தது என்பது அதன் சாரம். எலிகள் வாயுவைச் சுவாசித்தன, ஜக்கில் தண்ணீர் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு மனிதர்களிடம் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். மேலும் ஆராயலாம் என்று சொல்ல அவை போதும். மாத்திரையை நிறுத்து, ஜக்கை வாங்கு என்று சொல்லப் போதாது. குடித்தால் விஷம் என்று நாமும் சொல்லவில்லை. நம் குடலில் உள்ள பாக்டீரியாக்களே நாள்தோறும் ஹைட்ரஜன் உண்டாக்குகின்றன. பால் சர்க்கரை செரிக்காதவர்களைக் கண்டுபிடிக்க, மூச்சில் வரும் ஹைட்ரஜனை அளக்கும் பரிசோதனையே மருத்துவமனைகளில் உண்டு. மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்த இரவில் வீடு முழுவதும் இந்தச் சிகிச்சை இலவசமாக நடக்கிறது.

நாம் கவலைப்படுவது ஜக் செய்யாத வேலையைப் பற்றி. அது வடிகட்டி இல்லை. ஃப்ளோரைடை எடுக்காது, நைட்ரேட்டை எடுக்காது, உப்பை எடுக்காது. கிருமி இருந்தால் அதைக் கொல்லும் என்று நம்பி இருக்கவும் முடியாது. உள்ளே எந்தத் தண்ணீர் போகிறதோ அதே தண்ணீர், கொஞ்சம் வாயுவோடு வெளியே வருகிறது. அதனால்தான் 'ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றவும்' என்று கூடவே சொல்கிறார்கள். நம் பகுதி உப்புத் தண்ணீரை ஊற்றினால் தகட்டில் வெள்ளையாகப் படிந்து சில வாரத்தில் குமிழி நின்றுவிடும். ஆக, ஜக் வாங்கியவர் அடுத்து ஆர்ஓ வாங்க வேண்டும். வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் கொடுக்க ஏறத்தாழ மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும். இரண்டு நாளைக்கு ஒருமுறை குழாய் வரும் தெருவில் அந்த மூன்று லிட்டருக்கு எங்கே போவது?

இவ்வளவு தெரிந்தும் எப்படி விற்கிறார்கள்? இங்கேதான் அந்த இரண்டு டம்ளர் வித்தை வருகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், நாளைக்கு உங்கள் தெருவுக்கும் வரும்.

விற்பவர் ஒரு சின்னப் பெட்டி கொண்டுவருவார். பெட்டிக்குக் கீழே இரும்பிலும் அலுமினியத்திலும் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு டம்ளரில் நம் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். கம்பிகளை இரண்டிலும் முக்கி, பிளக்கைச் சொருகுவார். ஒரு நிமிடத்தில் நம் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, பச்சையும் கறுப்புமாகத் திரிதிரியாகக் கசடு மிதக்கும். அவருடைய தண்ணீர் பளிங்கு மாதிரி நிற்கும். 'பாத்தீங்களாக்கா, இத்தனை நாளா இதைத்தான் பிள்ளைங்களுக்குக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கீங்க' என்பார். சுற்றி நிற்கும் பெண்கள் முகம் செத்துவிடும். குற்றவாளிக் கூண்டில் ஏறியது போல் நிற்பார்கள்.

அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததில்லை. கம்பியிலிருந்து வந்தது. தண்ணீரில் உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்பு கரையும், கரைந்த இரும்பு துருவாகத் திரளும். உடம்புக்குத் தேவையான கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும் நல்ல கிணற்று நீரும் அப்படித்தான் கறுக்கும். ஆர்ஓ நீரில் உப்பு ஏறக்குறைய இல்லாததால் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் நிறம் மாறாது. கண்டுபிடிக்க வழி மிகச் சுலபம். அடுத்த முறை வரும்போது அவருடைய பளிங்குத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு, இப்போது கம்பியை விடுங்கள் தம்பி என்று சொல்லுங்கள். அதுவும் சாக்கடையாக மாறும். எங்கள் தோழர் ஒருவர் இதைச் செய்துகாட்டிய தெருவில் அன்றைக்கு ஒரு ஜக்கும் விற்கவில்லை.

இதைவிடக் கொடுமை என்னவென்றால், இந்தச் சோதனையில் நிஜமான ஆபத்து எதுவுமே தெரியாது. மலக்கிருமி கலந்த தண்ணீரும் உப்புக் குறைவாக இருந்தால் பளிச்சென்று நிற்கும். ஃப்ளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பற்கள் காவியேறி, முதுகு வளைந்த மனிதர்கள் குடித்த தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. அந்த மாவட்டங்களுக்கு விடிவு எந்தக் குடுவையிலிருந்தும் வரவில்லை. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டமாக வந்தது. 2013இல் தொடங்கி வைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் இருக்கிறது.

சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954லேயே சட்டம் போட்ட நாடு இது. வீடு வீடாக நேரடி விற்பனை செய்பவர் அடையாள அட்டையோடும், வீட்டாரின் முன் அனுமதியோடும்தான் வர வேண்டும் என்று 2021இல் மத்திய அரசு விதியும் வகுத்தது. நம் தெருவில் அட்டையைக் கேட்டு யாருக்கும் பழக்கமில்லை. நம்மிடம்தான் எல்லாரும் அட்டை கேட்பார்கள்.

வாங்கியவர்களை நாம் கேலி செய்யவில்லை. அதை முதலில் நம் தோழர்களே நிறுத்த வேண்டும். 'படிச்சவன் ஏமாறுறான் பார்' என்று சிரிப்பது சுலபம். எங்களுக்குத் தெரிந்த வீடு ஒன்று. அக்கா நகராட்சியில் தூய்மைப் பணி, அண்ணன் ஓட்டுநர், மகள் கல்லூரி. ஊருக்கெல்லாம் குப்பை அள்ளிவிட்டு வரும் அந்த அக்கா தன் வீட்டு மேசைமேல் நீல விளக்கு எரிகிற ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசையில் என்ன தப்பு? அழுக்கோடு சேர்த்தே பார்க்கப்பட்ட மக்களுக்குச் சுத்தத்தின் மேல் வருகிற ஏக்கம் விற்பனைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஊரார் வீட்டில் 'ஆரோக்கியம்' என்று பேசி விற்பவர், நம் வீட்டில் 'சுத்தம்' என்று பேசி விற்கிறார். வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

அதே வீட்டில் நடந்தது இன்னொன்று. ஜக்கைக் கொடுத்து, முதல் தவணையை வாங்கி, எப்படிப் பயன்படுத்துவது என்று செய்து காட்டியாயிற்று. குமிழி வந்து நின்றது. அக்கா புது டம்ளரில் ஊற்றி, 'தம்பி, முதல் தண்ணி நீங்க குடிச்சிட்டுப் போங்க' என்று நீட்டினார்.

'இப்பதான்கா டீ குடிச்சேன்.'

'ஒரு வாய்தானே தம்பி.'

'வேணாங்கா, பரவால்ல.' வாசலில் வண்டியை எடுக்கும்போது பெட்ரோல் டேங்க் கவரில் இருந்த தன் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டுப் போனார்.

அவர் என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. நம் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் தப்பிக்க எத்தனை காரணங்கள் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். இப்பதான் குடிச்சேன். வயிறு சரியில்லை. விரதம். சளி பிடிச்சிருக்கு, வெந்நீர் மட்டும்தான். கணக்கெடுக்க வரும் அரசு ஊழியருக்கு ஒன்று, ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளருக்கு ஒன்று, மகளின் வகுப்பு ஆசிரியைக்கு ஒன்று. இப்போதெல்லாம் மூடி திறக்காத பாட்டில் தண்ணீரை நாமே வாங்கி வைத்து, அவர்களுக்குக் காரணம் தேடும் சிரமத்தையும் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறோம். அந்த ஆள் தன் வாயால் 'உலகத்திலேயே சுத்தமான தண்ணீர்' என்று சொல்லி விற்ற ஐந்தாவது நிமிடத்தில் அதைக் குடிக்க மறுத்தார். அவர் மறுத்தது தண்ணீரை இல்லை. எந்தத் தகடும் எந்தச் சவ்வும் அதைப் பிரித்தெடுக்காது.

தண்ணீரைச் 'சுத்தப்படுத்தும்' வியாபாரம் நமக்குப் புதிதும் இல்லை. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாம் எல்லாருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி, கையால் அள்ளிக் குடித்தார். ஆயிரக்கணக்கானோர் கூடவே குடித்தார்கள். ஆடுமாடு குடித்த குளம் அது, அப்போதெல்லாம் தீட்டாகாத தண்ணீர் நம் கை பட்டதும் தீட்டானது. சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? பால், தயிர், சாணம், கோமியம் நிறைத்த 108 குடங்களைக் குளத்தில் கொட்டிச் சுத்தப்படுத்தினார்கள். மாட்டுச் சாணத்தைக் கொட்டினால் சுத்தம், மனிதன் கை நனைத்தால் அசுத்தம். வழக்கு நடந்து பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிவாக 1937 ஆயிற்று. பத்து வருடம், ஒரு வாய்த் தண்ணீருக்கு.

பழைய கதை என்பவர்களுக்கு வேங்கைவயல். புதுக்கோட்டை மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து உடம்புக்கு முடியாமல் போனது. தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொல்ல, மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். 2022 டிசம்பர் 26. தலித் குடும்பங்களுக்குக் குடிநீர் கொடுத்த தொட்டியில் மனித மலம். சில நாட்களாக அந்த மக்கள் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் போட்டார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட மக்களில் மூன்று பேரையே குற்றவாளிகளாகக் காட்டியது. அதை ஏற்க முடியாது, சிபிஐ விசாரிக்கட்டும் என்று அந்த மக்களோடு சேர்ந்து கட்சிகளும் இயக்கங்களும் கேட்டன. நாமும் கேட்டோம், இப்போதும் கேட்கிறோம்.

வேங்கைவயலின் ஒரு வீட்டு மேசையில் அன்றைக்கு இந்த ஜக் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீல விளக்கு எரிந்திருக்கும். குமிழி கிளம்பியிருக்கும்.

இதனால்தான் இது ஜக்கோடு நிற்கும் பிரச்சினை இல்லை என்கிறோம். தண்ணீர் தெருவின் விஷயமாக, ஊராட்சியின் விஷயமாக, அரசின் கடமையாக இருக்கும்வரை நாம் கூட்டமாகப் போய்க் கேட்க முடியும். அவரவர் மேசைக்கு அவரவர் ஜக் என்று ஆகிவிட்டால் கேட்கப் போகும் கூட்டம் கரையும். முதலில் விலகுவது கொஞ்சம் வசதி வந்த வீடு. வழக்கமாக மனு எழுதத் தெரிந்த, அலுவலகத்தில் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆள் இருப்பதும் அந்த வீட்டில்தான். அவர் வீட்டுக்கு ஆர்ஓவும் ஜக்கும் வந்த மாதத்திலிருந்து தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டார்களா என்பது அவருக்கு ஒரு செய்தியாகவே இருப்பதில்லை. மிச்சம் இருப்பவர்கள் கூலி வேலையை விட்டுவிட்டு ஊராட்சி அலுவலகத்தில் நிற்க முடியாதவர்கள். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், வரவேற்றோம். பல ஊர்களில் குழாய் மட்டும் பழைய பெயரை இன்னும் மறக்கவில்லை. ஊருக்குப் போன மிச்சம்தான் நம் பக்கம் திரும்புகிறது.

ஒரு ஜக்கின் பணத்தில் என்ன செய்யலாம் என்று எங்கள் கூட்டத்தில் கணக்குப் போட்டோம். ஒரு தெருவின் தண்ணீரை முறையாகப் பரிசோதித்து, அறிக்கையை நகல் எடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்து, மனுவோடு ஆட்சியர் அலுவலகம் போய்வர ஆளுக்கு பஸ் காசும் கொடுத்தாலும் மிச்சம் இருந்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டங்களில் இருக்கிறது, கட்டணம் கட்டி யாரும் மாதிரி கொடுக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சியும் சோதனைப் பெட்டியும் தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார், அவர்களில் நம் தெருவிலிருந்து எத்தனை பேர், பெட்டி யார் வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது என்று கேளுங்கள்.

கேட்க இடம் கிராம சபை. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் இங்கே கிராம சபை கூட வேண்டும். அன்றைக்குக் கூடத் தண்ணீரைப் பற்றிப் பேசாத சபை என்றால் தீர்மான நோட்டில் அதையே எழுதச் சொல்லுங்கள். வாயால் 'தண்ணி நல்லால்ல' என்று சொல்லாமல் எண்ணைக் கேளுங்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 சொல்வது: ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம், மாற்று ஆதாரமே இல்லையென்றால் 1.5 வரை. நைட்ரேட் 45க்கு மேல் கூடாது. கரைந்த உப்புகள் 500, மாற்று இல்லையென்றால் 2000 வரை. மலக்கிருமி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நம் தெருத் தொட்டிக்கு இந்த நான்கு எண்களும் என்ன, கடைசியாக எப்போது சோதித்தீர்கள், தொட்டி கழுவிய தேதி எங்கே எழுதியிருக்கிறது, ஊர்த் தொட்டிக்கும் நம் தொட்டிக்கும் அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். தொட்டிக்கு மூடியும் பூட்டும் ஏணிக்குக் கதவும் கேட்பதை வேங்கைவயலுக்குப் பிறகு யாரும் அதிகப்படியாகச் சொல்ல முடியாது. நம் தண்ணீரை அசுத்தப்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம் என்பதையும் காவல் நிலையத்துக்குப் போகும்போது மறந்துவிடாதீர்கள்.

ஜக் ஏற்கெனவே வாங்கியவர்கள் அதற்காக வெட்கப்பட வேண்டாம், நல்ல தண்ணீரை ஊற்றிக் குடியுங்கள். சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். குழாய்த் தண்ணீர்மேல் சந்தேகம் இருந்தால் கிருமிக்குக் கொதிக்க வைப்பது போதும். ஃப்ளோரைடு கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். தவணை பாக்கி உள்ளவர்கள், நோய் தீரும் என்று எழுத்தில் ஏதாவது கொடுத்திருந்தால், வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாலும் சரி, அழிக்காமல் வைத்திருங்கள். நுகர்வோர் ஆணையத்தில் அது வேலை செய்யும், மனு எழுத நாங்கள் கூட வருகிறோம்.

பரிசோதனைக்கு நீர் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உப்பு, ஃப்ளோரைடு பார்க்க நன்றாகக் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில் போதும், கொண்டுபோகும் நீராலேயே இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். கிருமி பார்க்க வீட்டுப் பாட்டில் கூடாது. ஆய்வகத்தில் கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்கி, அதை அலசாமல், குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே கொண்டு போய்க் கொடுத்துவிட வேண்டும். பாட்டிலின் மேல் தெருவின் பெயர், தொட்டி, தேதி, நேரம் எழுதி ஒட்டி, கொடுக்கும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.